75 நாள், இரண்டேகால் லட்சம்: கையைக் கடிக்காமல் மூன்று நாடு சுற்ற ஒரு கணக்கு

மலேசியா, தாய்லாந்து, வியட்நாம் மூன்றையும் ஒரே நடையில் சுற்றிவிட்டு வந்ததிலிருந்து, பார்க்கிறவர்கள் எல்லாம் கேட்பது ஒன்றே ஒன்றுதான்: "ஒரு நாளைக்கு எவ்வளவு ஆச்சு?" கேள்வியே கொஞ்சம் தப்பு. நாள் செலவு என்பது எல்லாம் முடிந்த பிறகு வகுத்துப் பார்க்கிற எண். அதை முன்னால் வைத்துத் திட்டம் போட்டால் உதைக்கும். ஒரே ஊரில் உட்கார்ந்திருக்கிற நாளுக்கு ஒரு விலை, ஊர் மாறுகிற நாளுக்கு வேறு விலை. தாய்லாந்தின் சியாங் மாயில் எட்டாவது நாள் எனக்கு ஆனது 1,100 ரூபாய். அதே ஊருக்குப் போய்ச் சேர்ந்த நாளில் ஆனது 3,000-க்கு மேல். பட்ஜெட் போட உட்காரும்போது முதலில் இந்த வித்தியாசம் மண்டையில் ஏற வேண்டும், மற்றதெல்லாம் அப்புறம்.

நான் போனது 2025-இல். பொங்கல் முடிந்த கையோடு திருச்சியிலிருந்து கோலாலம்பூர், மார்ச் கடைசியில் வியட்நாமின் ஹோ சி மின் நகரத்திலிருந்து நேராகத் திருச்சி. மலேசியாவில் 18 நாள், தாய்லாந்தில் 27, வியட்நாமில் 30. அப்போது மலேசிய ரிங்கிட் 20 ரூபாய்க்குக் கொஞ்சம் கீழே, தாய்லாந்து பாட் இரண்டரை ரூபாய், வியட்நாமில் ஒரு ரூபாய்க்கு ஏறக்குறைய 300 டாங். நீங்கள் போகும்போது விலை கூடக் குறைய இருக்கும், கணக்குப் போடுகிற முறை மாறாது.

மூன்று டப்பா

பாட்டி அரிசிக்கு ஒன்று, பால்காரருக்கு ஒன்று, அவசரத்துக்கு ஒன்று என்று டப்பாவில் பிரித்து வைப்பாளே, அதேதான். முதல் டப்பா, கிளம்பும் முன்பே கையை விட்டுப் போகிற பணம். இரண்டாவது, அங்கே தினமும் கரைகிற பணம். மூன்றாவது, தொடக்கூடாத பணம்.

முதல் டப்பாவில் எனக்கு ஆனது 40,000. திருச்சி–கோலாலம்பூர் பெட்டியோடு 9,000, ஹோ சி மின்–திருச்சி 11,000, நடுவில் பாங்காக்–ஹனோய் 7,000, வியட்நாம் விசா 2,200, பயணக் காப்பீடு 4,800, மீதி 6,000 மருந்து, பூட்டு, பிளக் அடாப்டர், போன் ரோமிங் என்று சில்லறையாகப் போனது. இந்தச் சில்லறையை யாரும் எழுதி வைப்பதில்லை, கடைசியில் பார்த்தால் ஒரு விமான டிக்கெட் அளவுக்கு வந்து நிற்கும்.

இரண்டாவது டப்பாவுக்கு நாட்டுக்கு ஒரு விலை வைத்தேன்: மலேசியா நாளுக்கு 1,700, தாய்லாந்து 1,900, வியட்நாம் 1,600. பெருக்கிக் கூட்டினால் 1,29,900. நாட்டுக்குள்ளேயே ரயில், பஸ்ஸுக்கு என்று தனியாக 15,000. மூன்றாவது டப்பாவில் 40,000. மொத்தம் 2,24,900. தனி ஆளுக்கு, டார்மில் (பலர் சேர்ந்து படுக்கிற விடுதி அறை) படுத்து, தெருக்கடையில் சாப்பிடுகிற ஆளுக்கு இந்தக் கணக்கு. இரண்டு பேராகப் போனால் அறை வாடகை பாதியாகும், டார்மே தேவைப்படாது, அதனால் தலைக்குச் செலவு இதைவிடக் குறையலாம்.

மூன்றாவது டப்பாவைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அது "மிச்சமானால் பார்த்துக்கொள்ளலாம்" என்கிற பணம் இல்லை. எந்த ஊரில் மாட்டிக்கொண்டாலும் மறுநாளே டிக்கெட் போட்டு வீட்டுக்கு வந்து சேரவும், மருத்துவமனையில் முன்பணம் கட்டவும் வேண்டிய பணம். அது கையில் இல்லை என்றால் பயணத்தை இரண்டு மாதம் தள்ளிப் போடுங்கள், நாடுகள் எங்கும் ஓடிவிடாது.

இன்னொரு செலவையும் மறந்துவிடுவோம். நீங்கள் அங்கே சுற்றும்போது இங்கே மீட்டர் ஓடிக்கொண்டிருக்கும். வீட்டு வாடகை, வண்டி இ.எம்.ஐ., எல்.ஐ.சி. பிரீமியம், ஜியோவோ ஏர்டெல்லோ ரீசார்ஜ். கிளம்புவதற்கு முன் அந்த மாதங்களுக்கான தொகையைத் தனிக் கணக்கில் போட்டு, தானாகக் கழிகிற மாதிரி செய்துவிடுங்கள். நான் இதைச் செய்யாமல் பாங்காக் ஹாஸ்டல் மொட்டைமாடியில் உட்கார்ந்து தஞ்சாவூர் வீட்டுக் கரண்டு பில் கட்டிக்கொண்டிருந்தேன்.

விசா, பெயர், பெயரால் வரும் தண்டம்

மலேசியாவுக்கு இந்தியர்கள் 30 நாள் வரை விசா இல்லாமல் போகலாம். 2023 டிசம்பரில் தொடங்கிய சலுகை, 2026 கடைசி வரை நீட்டித்திருக்கிறார்கள். தாய்லாந்தில் நான் போனபோது 60 நாள் விசா இல்லாமல் தங்கலாம் என்று இருந்தது. இந்த விதி அடிக்கடி மாறுகிற ரகம், டிக்கெட் போடுகிற அன்றைக்குத் தூதரகத் தளத்தில் ஒரு தடவை பார்த்துவிடுங்கள். வியட்நாமுக்கு இ-விசா: ஒரு முறை நுழைய 25 டாலர், பலமுறை என்றால் 50 டாலர், 90 நாள் வரை கொடுக்கிறார்கள். விண்ணப்பத்தில் எந்த விமான நிலையம் அல்லது எல்லை வழியாக நுழைவீர்கள் என்று கேட்பார்கள், அதன்படியே நுழைய வேண்டும்.

தேடினால் முதலில் வருகிற தளங்களில் பாதி இடைத்தரகர்களுடையவை. பார்க்க அரசுத் தளம் போலவே இருக்கும், 25 டாலர் வேலைக்கு 60, 70 கேட்கும். வியட்நாம் அரசுத் தளத்தின் முகவரி ஜிஓவி டாட் விஎன் என்று முடியும். மலேசியாவும் தாய்லாந்தும் நாட்டுக்குள் நுழைவதற்கு முந்தைய மூன்று நாளுக்குள் இணையத்தில் ஒரு வருகை அட்டையை நிரப்பச் சொல்கின்றன (தாய்லாந்தில் இது 2025 மே மாதம் வந்தது). இரண்டுமே இலவசம். அதற்குக் காசு கேட்கிற தளத்தில் இருக்கிறீர்கள் என்றால் தப்பான இடத்தில் இருக்கிறீர்கள்.

இனி நம் ஊர்க்காரர்களுக்கே உரிய தலைவலி. நமக்கு இருப்பது ஒரு பெயர், ஓர் இனிஷியல். பாஸ்போர்ட்டில் சிலருக்கு சர்நேம் என்ற இடத்தில் அப்பா பெயர் முழுசாக இருக்கும், சிலருக்கு அந்த இடமே காலியாக இருக்கும். விமான டிக்கெட் போடும் தளமோ சர்நேம் கொடுக்காமல் நகர விடாது. நான் அவசரத்தில் இனிஷியலை மட்டும் போட்டுவிட்டேன். பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் முழுசாக இருக்கிறது. அதைத் திருத்த ஒரு விமான நிறுவனம் 2,600 ரூபாய் வாங்கிக்கொண்டது. ஓர் எழுத்துக்கு ஆன செலவு, சியாங் மாயில் இரண்டு நாள் வாழ்ந்திருக்கலாம். பாஸ்போர்ட்டில் சர்நேம் காலி என்றால் பெயரையே இரண்டு இடத்திலும் போடச் சொல்கிற நிறுவனமும் உண்டு, வேறு மாதிரி சொல்கிற நிறுவனமும் உண்டு. பணம் கட்டும் முன் அந்த நிறுவனத்தின் உதவிப் பக்கத்தைப் படித்துவிடுங்கள்.

ஒரு வழி டிக்கெட்டோடு போகிறவர்களை ஏறும் இடத்திலேயே கேள்வி கேட்பார்கள், அதுவும் தனியாகப் போகிற இளவயசுக்காரர்களை நிச்சயம் கேட்பார்கள். திருச்சியில் கவுண்டரில் இருந்தவர் "மலேசியாவை விட்டு எப்போ கிளம்புறீங்க?" என்றார். மலேசிய எல்லை ஊரான பாடாங் பெசாரிலிருந்து பாங்காக்குக்குப் போட்டிருந்த ரயில் டிக்கெட், ஹோ சி மின்–திருச்சி டிக்கெட், முதல் மூன்று ராத்திரிக்கான அறை, வங்கிக் கணக்கு விவரம் எல்லாவற்றையும் காகிதத்தில் எடுத்து வைத்திருந்தேன், நீட்டினேன், விட்டுவிட்டார்கள். போனில் காட்டிக்கொள்ளலாம் என்று இருக்காதீர்கள். அச்செடுக்க 20 ரூபாய் ஆகும்.

பணத்தை எப்படிக் கொண்டுபோவது

இதில்தான் சத்தமில்லாமல் காசு போகும். சாதாரண கிரெடிட் கார்டில் வெளிநாட்டில் தேய்த்தால் பெரும்பாலும் 3.5 சதவீதம் கட்டணம், அதன்மேல் 18 சதவீத ஜி.எஸ்.டி., ஆக 4.13 சதவீதம். ஒரு லட்சம் செலவழித்தால் 4,130 ரூபாய் வங்கிக்குத் தானம். இந்தக் கட்டணம் இல்லாத கார்டுகள் இப்போது கிடைக்கின்றன, கிளம்ப இரண்டு மாதம் இருக்கும்போதே ஒன்று வாங்கிவிடுங்கள். ஃபோரெக்ஸ் கார்டு (முன்கூட்டியே வெளிநாட்டுப் பணம் ஏற்றிக்கொள்கிற கார்டு) என்றால் அதில் எந்தெந்த நாட்டுப் பணம் ஏற்றலாம் என்று கேளுங்கள். டாலரை ஏற்றிக்கொண்டு போய் டாங்கில் செலவு செய்தால் நடுவில் மாற்றுக் கட்டணம் ஒன்று விழும்.

ரிசர்வ் வங்கி விதிப்படி கார்டுகள் உள்நாட்டுக்கு மட்டும்தான் திறந்திருக்கும். செயலிக்குள் போய் வெளிநாட்டுப் பயன்பாட்டை நீங்கள்தான் இயக்க வேண்டும், ஏ.டி.எம்., கடை, இணையம் என்று மூன்றுக்கும் தனித்தனியாக. அப்புறம் ஓ.டி.பி. நம் சிம்முக்கு அங்கே குறுஞ்செய்தி வரவில்லை என்றால் கையில் பணம் இருந்தும் ஒரு டிக்கெட் போட முடியாது. ரோமிங்கைத் திறந்து, சிம் காலாவதி ஆகாத மாதிரி ரீசார்ஜ் செய்துவிட்டுக் கிளம்புங்கள். இணையத்துக்கு அங்கத்து சிம் போதும்.

நான் போனபோது தாய்லாந்து ஏ.டி.எம்.களில் வெளிநாட்டு கார்டுக்கு ஒரு தடவை எடுக்கக் கட்டணம் 220 பாட், அதாவது 550 ரூபாய். நம் வங்கி பிடிப்பது தனி. பயந்து பயந்து 2,000 பாட் எடுத்தால் 11 சதவீதம் போச்சு. 15,000 பாட் மொத்தமாக எடுத்தால் ஒன்றரை சதவீதம்தான். மெஷின் "உங்கள் ரூபாயிலேயே கணக்குப் போடட்டுமா?" என்று பாசமாகக் கேட்கும், கடையிலும் கேட்பார்கள். எப்போதும் வேண்டாம் என்று அந்த நாட்டுப் பணத்தையே தேர்ந்தெடுங்கள், ரூபாய் என்றால் அவர்கள் வைத்ததுதான் விலை.

ரொக்கமாகக் கொஞ்சம் டாலர் கட்டாயம் வேண்டும். நான் 600 டாலர் கொண்டுபோனேன், நூறு டாலர் நோட்டுகளாக, மடிப்போ பேனாக் கீறலோ இல்லாமல். கசங்கிய நோட்டை வாங்க மறுப்பார்கள், அல்லது விலையைக் குறைப்பார்கள். நாட்டை விட்டுப் போகும்போது இந்திய ரூபாய் 25,000 வரை கையில் வைத்துக்கொள்ளலாம். கோலாலம்பூரில் மஸ்ஜித் இந்தியா பக்கமும் பிரிக்ஃபீல்ட்ஸிலும் அதை நல்ல விலைக்கே மாற்றுகிறார்கள், தமிழிலேயே பேரம் பேசலாம். வெளிநாட்டுக்குப் பணம் எடுத்தால் வரி பிடிப்பார்களாமே என்று சிலர் பயப்படுவார்கள். அது ஆண்டுக்கு 10 லட்சத்தைத் தாண்டினால். நம் கதைக்கு அது வராது.

கார்டுகளை இரண்டு இடத்தில் பிரித்து வையுங்கள். இது எல்லோருக்கும் தெரியும், யாரும் செய்வதில்லை.

ஊர் மாறும் நாள்

இங்கேதான் என் கணக்கு உதைத்தது. நாட்டுக்குள் போக்குவரத்துக்கு 15,000 வைத்தேன், ஆனது 23,000. ஏன் என்று நோட்டைப் புரட்டிப் பார்த்தபோது டிக்கெட் விலையில் தப்பு இல்லை, டிக்கெட் மட்டும்தான் செலவு என்று நினைத்ததுதான் தப்பு. அறையிலிருந்து நிலையத்துக்கு கிராப் வண்டி (செயலியில் கூப்பிடுகிற வாடகை வண்டி), அந்தப் பக்கம் இறங்கி அறைக்கு இன்னொன்று, நிலையத்துக்குள் இரண்டு மடங்கு விலையில் சாப்பாடு, மதியம் இரண்டு மணிக்குத்தான் அறை கிடைக்கும் என்பதால் பையை வைக்க லாக்கர், புது ஊரில் எங்கே மலிவு என்று தெரியாததால் முதல் நாள் தண்ணீரிலிருந்து சோப்பு வரைக்கும் கண்ட விலை. இதெல்லாம் சேர்ந்து ஒவ்வொரு நகர்வுக்கும் டிக்கெட் விலைக்கு மேல் 600, 700 ரூபாய் ஆகியிருந்தது. 12 தடவை ஊர் மாறினேன். நீங்களே பெருக்கிக்கொள்ளுங்கள்.

அதனால் செலவைக் குறைக்க நல்ல வழி, மலிவான விடுதி தேடுவதைவிட ஊர்களின் எண்ணிக்கையைக் குறைப்பது. 75 நாளுக்கு எட்டு ஊர் போதும். ஓர் ஊரில் ஏழு நாளுக்கு மேல் இருக்கப் போகிறீர்கள் என்றால் இணையத்தில் இரண்டு ராத்திரிக்கு மட்டும் போட்டு, போய்ப் பார்த்து, பிடித்திருந்தால் வரவேற்பில் இருப்பவரிடம் வார வாடகை என்ன என்று நேரில் கேளுங்கள். சியாங் மாயில் 320 பாட் அறை, பத்து நாள் என்றதும் 240-க்கு இறங்கியது. ஆனால் பிப்ரவரி கடைசியிலிருந்து அங்கே வயல்களையும் காட்டையும் எரிக்கிற புகை ஊரை மூடும். வாடகை குறையும், தொண்டையும் போகும்.

நகர்ந்தே ஆக வேண்டும் என்றால் ராத்திரியில் நகருங்கள், ஓர் அறை வாடகை மிச்சம். மலேசிய எல்லையில் இருக்கிற பாடாங் பெசாரில் மாலையில் ஏறினால் மறுநாள் காலை பாங்காக். படுக்கை வசதி, ஏசி, சுமார் 1,000 பாட். நான் ஏறியதில் இதுதான் சரியான பேரம். வியட்நாமில் ஹனோயிலிருந்து ஹோ சி மின் வரை ரயில் பாதை 1,726 கிலோமீட்டர். அதை ஹுவே, டா நாங் என்று உடைத்து உடைத்து வந்தேன். படுக்கை பஸ்ஸும் இருக்கிறது, ரயிலைவிட மலிவு, ஆனால் ஆறடி ஆளுக்கு அந்தப் படுக்கை சவப்பெட்டி மாதிரிதான் இருக்கும்.

திருவிழா நாட்களை நாள்காட்டியில் குறித்துவிட்டுத் திட்டம் போடுங்கள். நான் மலேசியாவின் பினாங்கில் இருந்தபோது 2025 ஜனவரி 29 அன்று சீனப் புத்தாண்டு. அங்கத்து ஜார்ஜ் டவுனில் 40 ரிங்கிட் டார்ம் படுக்கை நான்கு நாளைக்கு 90 ஆனது, பாதிக் கடைகள் பூட்டு. வியட்நாமில் அதே சமயம் தெத் என்கிற அவர்களுடைய புத்தாண்டு, இன்னும் மோசம் என்று கேள்வி. ஏப்ரல் நடுவில் தாய்லாந்தில் சோங்க்ரான், அவர்கள் புத்தாண்டு. இந்த நாட்களில் இருந்தே தீர வேண்டும் என்றால் இரண்டு மாதம் முன்பே படுக்கையைப் பிடித்துவிடுங்கள். ஒரு விஷயத்தில் மட்டும் சிக்கனம் என்னை ஏமாற்றியது: பத்து மலையில் தைப்பூசம் பிப்ரவரி 11, நானோ மூன்றாம் தேதியே எல்லை தாண்டிவிட்டேன், ஒரு வார வாடகையை மிச்சம் பிடிக்க. அது இன்னும் உறுத்துகிறது.

விமானத்தில் மலிவு டிக்கெட் என்றால் கையில் 7 கிலோதான் பெரும்பாலும். வாயிலில் எடை போட்டு மாட்டினால் அங்கே கட்டுகிற தொகை டிக்கெட்டில் பாதி. 7 கிலோவுக்குள் அடக்கப் பழகினால் மூன்று டிக்கெட்டிலும் பெட்டிக் காசு மிச்சம். என் பையில் அரைக் கிலோ பருப்புப்பொடி இருந்தது, அதை மட்டும் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

வயிறு

மலேசியாவில் கவலையே இல்லை. மாமாக் கடையில் (அங்கத்துத் தமிழ் முஸ்லிம் சாப்பாட்டுக் கடை) நம் பரோட்டா மாதிரியான ரொட்டி சனாய் இரண்டு ரிங்கிட்டுக்குள் கிடைக்கும், தே தாரிக் என்கிற ஆற்றிய பால் டீ அதை ஒட்டிய விலை, மதியம் வாழையிலைச் சாப்பாடு. தாய்லாந்தில் தெருக்கடைத் தட்டு 50, 60 பாட். ஆனால் சைவக்காரர்கள் கவனிக்க வேண்டும், காய்கறி மட்டும் என்று சொன்னாலும் மீன் சாறு ஊற்றுவார்கள். மஞ்சள் துணியில் சிவப்பு எழுத்து தொங்குகிற கடையைத் தேடுங்கள், அதற்கு "ஜே" என்று பெயர், சுத்த சைவம். வியட்நாமில் அதே பொருளில் "சாய்" என்று எழுதியிருக்கும் (டீ இல்லை). சந்திர மாதத்தின் முதல் நாளும் பதினைந்தாம் நாளும் அங்கே நிறையப் பேர் சைவம் சாப்பிடுவதால் அன்றைக்கு அந்தக் கடைகள் நிரம்பி வழியும்.

தண்ணீருக்குச் செலவழிக்காதீர்கள். தாய்லாந்தில் சந்துக்குச் சந்து சுத்திகரித்த தண்ணீர் மெஷின் இருக்கும், ஒரு பாட் போட்டால் ஒரு லிட்டர். பாட்டில் மட்டும் நம்முடையது.

கைக்கணக்கை ராத்திரி படுக்கும் முன் எழுதுங்கள், அந்த நாட்டுப் பணத்திலேயே. ஒவ்வொரு டீயையும் ரூபாயாக மாற்றிப் பார்த்தால் ஒரு டீயும் இறங்காது. வாரத்துக்கு ஒரு தடவை மாற்றிக் கூட்டினால் போதும். பார்க்க வேண்டிய இடங்களுக்கான நுழைவுக் கட்டணத்தை மட்டும் நாள் கணக்கில் சேர்க்காமல் தனியாக வையுங்கள். பாங்காக் அரண்மனைக்கு 500 பாட், ஹோ சி மின் போர் அருங்காட்சியகத்துக்கு 40,000 டாங் (130 ரூபாய்தான், சுழியத்தைப் பார்த்து மிரள வேண்டாம்). 500 பாட் கொடுத்த அன்றைக்கு நாள் பட்ஜெட் உடைந்துவிட்டதே என்று ராத்திரிச் சாப்பாட்டைத் தவிர்த்தவன் நான், அது முட்டாள்தனம்.

ஸ்கூட்டரும் காப்பீடும்

வாடகை ஸ்கூட்டர் மலிவு, எல்லோரும் ஓட்டுகிறார்கள், நாமும் ஓட்டலாம் என்று தோன்றும். நம் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் 1,000 ரூபாய்க்குத் தருகிற சர்வதேச ஓட்டுநர் அனுமதி 1949-ஆம் ஆண்டு சாலைப் போக்குவரத்து ஒப்பந்தப்படியானது. தாய்லாந்தில் செல்லும். வியட்நாம் ஏற்பது 1968 ஒப்பந்தத்தின்படியான அனுமதியை, ஆகவே நம்முடையது அங்கே செல்லாது. செல்லாத அனுமதியோடு விழுந்தால் போலீஸ் அபராதம் சின்ன விஷயம், காப்பீட்டு நிறுவனம் கையை விரித்துவிடும், கால் முறிவுக்கான மொத்தப் பணமும் நம் மூன்றாவது டப்பாவிலிருந்து. வியட்நாமின் வடக்கே ஹா ஜியாங் மலைப்பாதைக்கு நான் ஓட்டுநரோடு பின்னால் உட்கார்ந்துதான் போனேன். கூடுதல் காசு ஆனது, வருத்தமில்லை. காப்பீடு வாங்கும்போது ஒரே பயணத்தில் எத்தனை நாள் வரை செல்லும், இருசக்கர வண்டி விபத்து சேர்ந்திருக்கிறதா என்று இந்த இரண்டையும் மட்டுமாவது படித்துவிட்டுப் பணம் கட்டுங்கள்.

சரி, கடைசிக் கணக்கு. போக்குவரத்தில் 8,000, பினாங்குப் புத்தாண்டில் சில ஆயிரம் எகிறியது. வியட்நாமில் நாளுக்கு 1,600 வைத்த இடத்தில் 1,450-தான் ஆனது, அதனால் கொஞ்சம் ஈடுகட்டியது. பல்வலிக்கு ஹோ சி மின் நகரத்தில் ஒரு பல் மருத்துவரைப் பார்த்ததில் கொஞ்சம் போனது. தொடக்கூடாத 40,000-இல் 28,000 திரும்பி வந்தது.

டாங்கைப் பற்றி ஒரு வார்த்தை: வியட்நாமை விட்டு வெளியே வந்தால் அதை மாற்றுவது பெரிய பாடு. திரும்புகிற நாளுக்கு இரண்டு நாள் முன்னாலிருந்தே ஏ.டி.எம். பக்கம் போகாமல் இருப்பைக் கரையுங்கள், மிச்சம் பெரிதாக இருந்தால் விமான நிலையத்தில் பாதுகாப்புச் சோதனைக்கு முன்பே மாற்றிவிடுங்கள். என்னிடம் 3,80,000 டாங் இருந்தது. காப்பித்தூளாக வாங்கி வந்தேன், வீட்டில் அம்மாவுக்குப் பிடிக்கவில்லை, கும்பகோணம் டிகிரி காப்பிக்கு இது ஆகுமா என்கிறாள், நான்தான் குடித்துக்கொண்டிருக்கிறேன்.